பதினான்காம் கொண்டை ஊசி

என் வேலை துருவுக்காகக் காத்திருப்பது.
இரும்பாலைச் சோதனைக் கூடத்தில் ஒரு பெட்டி,
உள்ளே நிற்காமல் பொழியும் உப்புப் பனி.
தகட்டுத் துண்டுகளைச் சாய்த்து வைத்து
இருபத்து நான்கு, நாற்பத்தெட்டு, தொண்ணூற்றாறு என்று
மணிக்கணக்கு எழுதுகிறேன்.
பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை.
ஒன்றும் நடக்கவில்லை என்று
கையெழுத்துப் போடத்தான் சம்பளம்.

நடப்பதெல்லாம் வீட்டில்.
குளியலறைச் சல்லடையில் வழித்தெடுக்கும் சுருளில்
எது என் முடி, எது பூபாலன் முடி என்று
நீளத்தை வைத்துச் சொல்லிவிடலாம்.
தம்பிக்கு இருபத்தெட்டு.
போன பொங்கலுக்கு உச்சியில் ஒரு ரூபாய் அகலம்,
இந்தப் பொங்கலுக்குத் தட்டுவடை.
எனக்கு வகிடு அகன்றுகொண்டே போகிறது,
தாடையிலோ
மூன்று முடி.
கறுத்தவை, தடித்தவை, தன்னம்பிக்கை உள்ளவை.
செவ்வாய்ப்பேட்டை பார்லர் ரெஜினா
நூலைப் பல்லில் கடித்தபடி
"வேர் நல்ல பலமா இருக்குக்கா" என்பாள்,
பாராட்டுப் போல.

ஐந்து ரோடு க்ளினிக்கில் டாக்டர் வஹீதா
என் ரத்த அறிக்கையைத் திருப்பிப் போட்டு
அதன் முதுகில் வரைந்தார்.
தோலில் ஒரு குழி. அடியில் வெங்காயம்.
வெங்காயத்தின் வயிற்றில் சின்னப் புள்ளி.
இந்தப் புள்ளி சொன்னால்தான்
சுற்றியிருக்கும் செல் பிரியும், பெருகும், மேலே ஏறும்,
ஏற ஏறச் செத்துக் கெட்டியாகி
முடி என்று பெயர் வாங்கும்.
ரத்தத்தில் ஒரு ஹார்மோன் வருகிறது,
ஆண்களுடையது என்பார்கள், பெண்களுக்கும் உண்டு,
உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல்.
அதே கடிதம்தான்.
தாடையில் பிரித்துப் படித்த புள்ளி, வளர் என்கிறது.
உச்சந்தலையில் படித்த புள்ளி, போதும் என்கிறது.

ஏன், என்றேன்.
பேனாவை மூடினார். திறந்தார்.
முழுசாகத் தெரியாது.
ஆனால் மண்டையில் அந்தக் கடிதம் பிரியும்போது
செல்லுக்குள் ஆக்சிஜன் முரடாகிவிடுகிறது,
தொட்டதிலெல்லாம் எதையாவது பறிக்கிறது.
அந்த முரட்டுத்தனம்தான்
நிறுத்து என்ற சேதியை எழுதவைக்கிறது போல.
அடுத்த முடி மெலியும்.
அதற்கடுத்தது பூனைமுடி.

துருவா, என்றேன்.
துரு மாதிரி, என்றார்.
நான் ஏன் சிரித்தேன் என்று அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நாகலூருக்குப் பெண் பார்க்கப் போனோம்.
காரில் அப்பா, அம்மா, பழத்தட்டு.
பைக்கில் அவனும் நானும்.
ஹெல்மெட்டைக் கழற்றுவது
எத்தனை தள்ளிப் போகுமோ அத்தனை நல்லது அவனுக்கு.
அடிவாரத்திலிருந்தே பலகைகள்:
கொண்டை ஊசி வளைவு ஒன்று. இரண்டு.
இத்தனை ஊசி குத்த
எவள் தலையில் இருக்கிறது கொண்டை?

பதினான்கில் ஓரங்கட்டினான்.
கீழே சேலம். நடுவே
மேக்னசைட் தோண்டிய வெள்ளைத் திட்டு.
"என்னை மாதிரியே இருக்கு" என்றான்.
பையிலிருந்து தொப்பியை எடுத்தான்.
"போட்டுக்கட்டுமாக்கா?"
ஆனால் அதற்குள் மலைக்காற்று
வியர்த்த தட்டுவடையில் பட்டுவிட்டது.
கண்ணை மூடி அப்படியே நின்றான்.

துப்பட்டாவை விலக்கித் தாடையைக் காட்டினேன்.
ரெஜினா ஊரில் இல்லாத வாரம். மூன்றும் முழுசாக.
தொட்டுப் பார்த்து
"இது எனக்கு வரவேண்டியதாச்சே" என்றான்.
"விலாசம் மாறி வந்திருச்சு."
தடுப்புச் சுவரில் ஒரு குரங்கு,
உடம்பெல்லாம் முடியோடு,
நாங்கள் சிரித்து ஓயும்வரை பார்த்தது.

அவனிடம் சொல்ல நினைத்தேன்:
துருவே பிடிக்காத இரும்பு என்று ஒன்று கிடையாது.
அதிலிருக்கும் குரோமியம் முந்திக்கொண்டு துருப்பிடித்து
கண்ணுக்குத் தெரியாத தோலாகி மீதியை மூடுகிறது.
கீறினாலும் மூடும்.
உப்பு மிஞ்சினால் அதுவும் தோற்கும்,
அந்த மணிநேரத்தையும் நான் குறித்திருக்கிறேன்.
சொல்லவில்லை. அவன் வண்டியைக் கிளப்பியிருந்தான்.
பதினைந்து. பதினாறு. காது அடைத்தது.

நாகலூரில் தொப்பி பைக் பெட்டியிலேயே இருந்தது.
பெண் வந்தாள்.
அவன் தலையைப் பார்த்தாள்,
பிறகு என் தாடையை.
காபி எடுத்துக்கோங்க, என்றாள்.